பெயரும் பொருளும்: கம்பியில்லாத் தொடர்பு பற்றிய சில சிந்தனைகள்

தமிழிலக்கணம் கற்கப் புகும் எவரும் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாகுபாடுகளுள் ஒன்று, இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்பதாகும். காரணம் எதுவும் கருதாது முன்னோர் இட்டு வழங்கிய பெயர் இடுகுறி. பொருளின் தன்மையோ தொழிலோ பற்றி அமைந்த பெயர் காரணப்பெயர். மரம், பனை என்பன முன்னதற்கும், பறவை, மரங்கொத்தி என்பன பின்னதற்கும் எடுத்துக்காட்டுகளாகக் காட்டப்படுவன. இவ்விரண்டும் மேலும் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனப் பகுக்கப்படும். பரீட்சைக்காக மனனஞ்செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடத்தக்க பகுதியென இதனைக் கருதுவோர் நம்மிடையே பலர். ஆயின், கடந்த சில ஆண்டுகளாக என் கையிலும் என் வீட்டாரின் கையிலும் புழங்கும் கருவிகளை நோக்குந்தோறும் அப்பாகுபாட்டின் அருமை எனக்குப் புலனாகி வருகின்றது. புளூடூத் என்றும் வைபை என்றும் நாள்தோறும் நாம் உச்சரிக்கும் பெயர்கள் எவ்வகைப் பெயர்கள்? அவை எப்பொருளைச் சுட்டுகின்றன? சுட்டுவதாகச் சொல்லும் பொருளை உள்ளபடியே தருகின்றனவா? கலைப்பீட மாணவனொருவன் பொறியியலாளரின் எல்லைக்குள் புகுகின்றான் என எவரும் எண்ண வேண்டியதில்லை. கருவி பொறியியலாளருடையது, பெயர் எல்லோருக்கும் உரியது. பெயர் பிழைத்தால் வரும் இடர் பெரும்பாலும் பொறியியல் அறியாதார் தலையிலேயே விழுகின்றது.

கம்பியின் காலத்தை முதலிற் சற்று நினைவுகூர்தல் தகும். வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கம்பி சென்றது. ஒலி நின்றுவிடின், அக்கம்பியைக் கையாற் பற்றிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிச் செல்லலாம். எங்கேனும் அறுந்திருக்கும், அல்லது செருகி தளர்ந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அப்பழுதைக் கண்டறிய முடிந்தது. ஒரு செருகி ஒரு துளைக்குப் பொருந்தும் அல்லது பொருந்தாது. பொருந்துமா என்பதைக் கண்ணே தீர்ப்புச் சொல்லிவிடும். கம்பி நீங்கியபோது இந்த வசதியும் உடன் நீங்கியது. இரு கருவிகளுக்கிடையில் என்ன நிகழ்கின்றது என்பதைக் காண வழியில்லை. பெட்டியின்மீது அச்சிடப்பட்ட ஒரு பெயரும் ஓர் இலச்சினையுமே எஞ்சி நிற்கின்றன. எனவே, முன்னர்க் கம்பியும் செருகியும் துளையும் சேர்ந்து தந்த உறுதிமொழி முழுவதையும் இப்பொழுது ஒரு பெயர் தனித்துச் சுமக்க வேண்டியிருக்கின்றது. அச்சுமையை அது தாங்குகின்றதா என்பதே இக்கட்டுரையின் வினா.

புளூடூத் என்ற பெயரின் வரலாறு சுவையானது. 1994ஆம் ஆண்டளவில் சுவீடனின் லூண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தார், கைத்தொலைபேசிக்கும் அதன் துணைக் கருவிகளுக்குமிடையே கம்பிக்குப் பதிலாகக் குறுந்தூர வானொலி அலைகளைப் பயன்படுத்தும் ஆய்வைத் தொடங்கினர். பின்னர் வேறு நிறுவனங்களும் இதில் நாட்டங்கொண்டன. அவ்வேளையில், 1997இல், இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக் என்ற பொறியியலாளர், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயரை இம்முயற்சிக்குச் சூட்டலாம் என முன்மொழிந்தார். ‘நீலப்பல்லன்’ எனப் பொருள்படும் பட்டப்பெயரைக் கொண்ட அம்மன்னன், பிரிந்து கிடந்த மக்களை ஒன்றுபடுத்தியவன்; அதுபோலக் கணினியையும் தொலைபேசியையும் இது ஒன்றுபடுத்தும் என்பது கருத்து. தக்க பெயர் கிடைக்கும்வரை தற்காலிகமாக வழங்கப்படவிருந்ததே அப்பெயர். ஏனைய பெயர்கள் ஏதோவொரு காரணத்தால் நிராகரிக்கப்பட, 1998இல் எரிக்சன், இன்ரெல், நொக்கியா, ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி அமைத்த குழு அப்பெயரோடேயே உலகின்முன் தோன்றியது. நாம் திரையிற் காணும் இலச்சினையும் அம்மன்னனின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பண்டை ரூனிக் வரிவடிவில் ஒன்றன்மீதொன்றாகப் பொருத்தி ஆக்கப்பட்டதே.

இது நல்லதோர் இடுகுறிப்பெயர். கேட்பவர்க்கு அது எதனையும் சொல்வதில்லை. ஆதலின் பொய்யும் சொல்வதில்லை. தமிழில் இதனை ‘நீலப்பல்’ என மொழிபெயர்க்க முயன்றோர் உளர். ஒரு மன்னனின் பட்டப்பெயரைக் காரணப்பெயராகக் கொண்டு பெயர்ப்பது, ஊர்ப்பெயரை அகராதி பார்த்து மொழிபெயர்ப்பதை ஒக்கும். புளூடூத் என்றே வழங்கிவிடுதல் தமிழுக்கு இழுக்காகாது.

வைபை என்பதன் கதை இதற்கு மறுதலையானது. கம்பியில்லாக் கணினி வலையமைப்புக்கான நியமம் 1997இல் 802.11 என்ற எண்ணோடு வெளிவந்தது. எண்ணொன்றைக் கடையில் விற்க முடியாதல்லவா? 1999இல் உற்பத்தியாளர்கள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி, பெயர் சூட்டுவதையே தொழிலாகக் கொண்ட இன்ரர்பிராண்ட் என்ற நிறுவனத்திடம் ஒரு பெயரைக் கேட்டுப் பெற்றனர். உயர்தர ஒலிக்கருவிகளைக் குறிக்க முன்னரே வழங்கிய ‘ஹைபை’ என்ற சொல்லின் ஓசையை ஒட்டி அமைந்ததே வைபை. அதற்குத் தனியே பொருள் இல்லை. ஆயின், பொருளற்ற பெயரை மக்கள் ஏற்கமாட்டார் என அஞ்சினர் போலும், ‘வயர்லெஸ் பிடெலிட்டி’ என்ற தொடரைச் சில காலம் விளம்பரத்தில் இணைத்தனர். இடுகுறிக்குப் பின்னர்க் காரணம் கற்பித்த கதை இது. அக்கூட்டமைப்பின் தொடக்ககால உறுப்பினருள் ஒருவரே அத்தொடருக்கு அடிப்படை இல்லை எனப் பின்னாளில் விளக்கியும், இன்றுவரை பொது அறிவு நூல்கள் பலவற்றில் அது விரிவாக்கமாக அச்சிடப்பட்டு, மாணவரால் மனனஞ்செய்யப்பட்டு வருகின்றது.

பெயர் ஒருபுறமிருக்க, அதன் உட்பிரிவுகள் பொதுமக்களை நெடுங்காலம் அலைக்கழித்தன. 1999இல் 802.11 என்ற எண்ணோடு ஏ என்ற எழுத்துச் சேர்ந்த நியமமும், பி என்ற எழுத்துச் சேர்ந்த நியமமும் ஒன்றாக வெளிவந்தன. முன்னது விரைவானது, 5 கிகாஹேட்ஸ் மீடிறனில் இயங்குவது. பின்னது வேகங் குறைந்தது, 2.4 கிகாஹேட்ஸில் இயங்குவது. ஒன்று மற்றதனோடு பேசாது. அடுத்து ஜி வந்தது, பின்னர் என், பின்னர் ஏசி, பின்னர் ஏஎக்ஸ். இவ்வெழுத்துகளைக் கண்டு எது முந்தியது, எது பிந்தியது என எவரால் ஊகிக்க முடியும்? 2018இல் அக்கூட்டமைப்பு இதனை உணர்ந்து வைபை 4, வைபை 5, வைபை 6 என எளிய எண்களை அறிமுகப்படுத்தியது. பெரிய எண் புதியது, அவ்வளவே. பொதுமக்கள்பால் அன்புகொண்ட செயலென இதனைப் பாராட்டலாம். ஆயின் ஈராண்டு கழியுமுன்னரே 6 கிகாஹேட்ஸிலும் இயங்குவதைக் குறிக்க ‘6ஈ’ என்று மீண்டும் ஓர் எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்தொட்டும் பழைய பழக்கம் அத்துணை எளிதில் விடுவதாயில்லை.

இனி, பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்ற பாகுபாட்டுக்கு வருவோம். என் நோக்கில் புளூடூத்தின் உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. 2010இல் வெளியான நான்காம் பதிப்போடு, மிகக் குறைந்த மின்சக்தியிற் செயற்படும் புதியதொரு வானொலி முறை புளூடூத்தினுள் சேர்க்கப்பட்டது. இது நொக்கியா நிறுவனத்தில் வேறு பெயரில் வளர்ந்து பின்னர் இக்குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டது. பழைய முறையும் புதிய முறையும் ஒன்றோடொன்று நேரே பேச இயலாதவை. எனவே, புளூடூத் என்ற ஒரே பெயரின்கீழ் இரு வேறு மொழிகள் வாழத் தொடங்கின. இரண்டையும் அறிந்த கருவி எல்லோருடனும் உரையாடும். ஒன்றை மட்டும் அறிந்தது மற்றதன்முன் ஊமையாகும். இதனை விளக்க 2011இல் ‘புளூடூத் ஸ்மார்ட்’, ‘புளூடூத் ஸ்மார்ட் ரெடி’ என இரு சிறப்புப்பெயர்கள் வெளியிடப்பட்டன. முன்னது புதிய மொழி மட்டும் அறிந்த கருவிக்கும், பின்னது இருமொழியும் அறிந்ததற்கும் உரியவை. ‘ஸ்மார்ட்’ என்றாலே கெட்டிக்காரத்தனம் என எண்ணும் மக்களுக்கு இவ்வேறுபாடு எட்டவில்லை. 2016இல் அப்பெயர்கள் கைவிடப்பட்டன. வேறுபாடு மறையவில்லை, அதனைச் சுட்டிய பெயர் மட்டும் மறைந்தது.

பதிப்பு எண்களும் இவ்வகையில் உதவுவதில்லை. 2016இல் ஐந்தாம் பதிப்பு, இருமடங்கு வேகமும் நான்மடங்கு தூரமும் தருவதாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஒருங்கே கிடைப்பனவல்ல. ஒன்றைப் பெற மற்றதை விடவேண்டும். அன்றியும் அவை புதிய முறைக்கு மாத்திரம் உரியவை. பழைய முறையிற் பாட்டுக் கேட்போனுக்கு அவற்றாற் பயனில்லை. அவ்விரண்டும் கட்டாயமானவையும் அல்ல. உற்பத்தியாளர் விருப்பத்திற்கு விடப்பட்டவை. ஆகவே ‘புளூடூத் 5’ எனப் பொறிக்கப்பட்ட கருவியில் ஐந்தாம் பதிப்பின் புகழ்பெற்ற கூறுகளுள் ஒன்றேனும் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. பட்டம் பெற்றவர் எல்லா வினாத்தாள்களுக்கும் தோற்றியிருக்க வேண்டியதில்லை என்பது போன்ற விதி இது.

இவை யாவும் ஏட்டளவிலான ஆராய்ச்சியாக இருந்திருப்பின் இக்கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். என் தந்தையார் வன்னியில் ஓர் அரிசி ஆலையில் முப்பதாண்டுகளுக்குமேல் இயந்திரம் இயக்கியவர். அந்த இரைச்சல் அவருடைய செவிப்புலனைச் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டது. என் மூத்த சகோதரி திருமணமாகிக் கனடாவில் வாழ்கின்றார். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அக்கா தொலைபேசியில் அழைப்பார். ஆரம்பத்தில் அரைமணி நேரம் நீடித்த அவ்வுரையாடல், தந்தையாரின் செவி மங்க மங்க, “சுகமோ? சாப்பிட்டியளோ?” என்ற இரு வினாக்களாகச் சுருங்கிற்று. விடையும் பெரும்பாலும் அம்மாவே சொல்வார். இந்நிலையைப் பொறாது அக்கா பணம் அனுப்பினார். கொழும்பிலிருக்கும் உறவினர் ஒருவர் தந்தையாரை அழைத்துச் சென்று பரிசோதனை செய்வித்து, ஒரு சோடி செவிப்புலன் கருவிகளை வாங்கிக் கொடுத்தார். தொலைபேசிப் பேச்சு நேரே காதுக்குள் கேட்கவேண்டும் என்பதே அக்காவின் ஒரே நிபந்தனை. புளூடூத் உள்ளதா என உறவினர் கேட்டார். விற்பனையாளர் பெட்டியிலிருந்த இலச்சினையைக் காட்டினார். தந்தையாரின் கைத்தொலைபேசியிலும் அதே இலச்சினை இருந்தது.

விடுமுறைக்கு நான் வீடு சென்றிருந்த வேளையில் அக்கருவிகள் வந்துசேர்ந்தன. வீட்டிலும் முற்றத்திலும் தந்தையாருக்குக் காது தெளிவாகக் கேட்டது. குயில் கூவுவதைப் பல ஆண்டுகளின்பின் கேட்டதாகச் சொல்லி மகிழ்ந்தார். கருவியோடு வந்த செயலியைத் தொலைபேசியில் நிறுவியதும், புளூடூத் வழியே கருவியின் ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. இணைப்பு உறுதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா அழைத்தார். தொலைபேசி ஒலித்தது, பேச்சு மட்டும் காதுக் கருவிக்கு வரவில்லை. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தோம். தொலைபேசியை நிறுத்தி மீண்டும் இயக்கினோம். செயலி, இணைக்கப்பட்டுள்ளது என்றே தொடர்ந்து கூறிக்கொண்டிருந்தது. தந்தையார் பெட்டியையும் தொலைபேசியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “ஒரே பேர், ஒரே படம். பேந்தேன் தம்பி ஒண்டோட ஒண்டு கதைக்குதில்லை?” என்றார்.

அவருடைய வினா நியாயமானது. அதற்கு விடை தேடப் பல நாட்கள் சென்றன. கருவியில் இருந்தது குறைந்த மின்சக்திப் புளூடூத். அது கட்டளைகளைக் கடத்தவல்லது. ஆகவே ஒலியளவைக் கூட்டக் குறைக்க முடிந்தது. தொலைபேசிப் பேச்சைக் கடத்துவது பழைய புளூடூத். அது மின்சக்தியை மிகுதியாக உண்பது. மொச்சைக் கொட்டையளவுள்ள கருவியின் சின்னஞ்சிறு மின்கலத்தால் அதனைத் தாங்குதல் அரிது. குறைந்த மின்சக்தி முறையில் ஒலியைக் கடத்துவதற்குப் பொதுவான நியமம் நெடுங்காலம் இருக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப, 2013இல் ஒரு கைத்தொலைபேசி நிறுவனம் தன் தொலைபேசிகளுக்கு மட்டும் உரிய முறையொன்றைக் கொணர்ந்தது. 2018இல் வேறொரு நிறுவனம் தன் இயங்குதளத்துக்கென மற்றொரு முறையை அறிவித்தது. அதனையும் எல்லாத் தொலைபேசி உற்பத்தியாளரும் கைக்கொள்ளவில்லை. வேறு சில செவிப்புலன் கருவிகள் பழைய புளூடூத்தையே எவ்வாறோ உள்ளடக்கி வெளிவந்தன. ஆக, பேச்சைக் கேட்பிக்கும் வழிகள் பல. அவற்றுள் எது எதனோடு பொருந்தும் என்பது பெட்டியின் மேல் இல்லை. மேலேயிருந்தது ஒரு மன்னனின் பெயரெழுத்து மட்டுமே.

விற்பனையாளர் பொய்யுரைத்தார் எனக் கூற முடியாது. கருவியில் புளூடூத் இருந்தது. உறவினரும் பிழையாகக் கேட்கவில்லை. உற்பத்தியாளரும் இல்லாததை அச்சிடவில்லை. ஒவ்வொருவரும் உண்மையே பேசியிருக்க, முடிவில் ஒரு முதியவர் தன் மகளின் குரலைக் கேளாதிருந்தார். எவரும் பொய் சொல்லாமலே ஒருவர் ஏமாற்றமடையக்கூடிய நிலையை ஒரு பெயர் உண்டாக்குமாயின், அப்பெயரில் ஏதோ குறைபாடு உண்டென்றே கொள்ளவேண்டும்.

பின்னர், கழுத்தில் தொங்கவிடும் இடைத்தரகுக் கருவியொன்று கிடைத்தது. அது தொலைபேசியோடு பழைய மொழியிலும் காதுக் கருவியோடு தன் சொந்த மொழியிலும் பேசும். ஏறக்குறைய ஒரு துவிபாஷி எனலாம். அது தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆயினும் அதற்கு நாள்தோறும் மின்னூட்ட வேண்டும். அழைப்பு வருமுன் கழுத்தில் அணியவேண்டும். சில மாதங்களில் தந்தையார் அதனைக் கைவிட்டு, தொலைபேசியின் ஒலிபெருக்கியை உரக்க வைத்துப் பேசத் தொடங்கினார். இப்போது அக்காவின் பேச்சு அவருக்கு விளங்குகின்றது. வீட்டிலுள்ளோர்க்கும் விளங்குகின்றது, வேலிக்கு அப்பாலுள்ளோர்க்கும் ஒருவேளை விளங்கக்கூடும். தந்தைக்கு மட்டுமெனச் சொல்லவேண்டியவற்றை அக்கா சொல்வதில்லை. ஒரு மகள் தன் தந்தையோடு தனித்துப் பேசும் உரிமை, நியமங்களின் இடைவெளியில் எங்கோ விழுந்து மறைந்துவிட்டது. தொழினுட்ப ஏடுகள் இத்தகைய இழப்புகளைக் கணக்கிடுவதில்லை.

பெயரின் குழப்பத்தோடு அன்றாடச் செயற்பாட்டின் உறுதியின்மையும் சேர்ந்துகொள்ளும்போது இடர் இரட்டிப்பாகின்றது. புளூடூத்தும், வைபையின் ஒரு பகுதியும், நுண்ணலை அடுப்பும், கம்பியில்லா எலியும் விசைப்பலகையும் 2.4 கிகாஹேட்ஸ் என்ற ஒரே குறுகிய பட்டையினுள் நெருக்கியடித்து வாழ்கின்றன. அனுமதிப்பத்திரமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்பதே அப்பட்டையின் சிறப்பும் சாபமும் ஆகும். பொதுக்கிணற்றில் நீர் அள்ளுவோர் எண்ணிக்கை வரையறுக்கப்படாதது போன்றது இது. பழைய புளூடூத் இந்நெருக்கடியைச் சமாளிக்க 79 அலைவரிசைகளிடையே செக்கனுக்கு 1600 தடவை தாவுகின்றது. பிறரால் நெருக்கப்பட்ட அலைவரிசைகளை அறிந்து விலகித் தாவும் திறனும் 2003இல் அதற்கு வழங்கப்பட்டது. இத்துணை நுணுக்கமானதொரு முறை பெரும்பாலான வேளைகளில் நாம் உணராதவாறே செயற்படுகின்றது என்பதையும் நன்றியோடு குறிப்பிடல் வேண்டும்.

எனினும் எல்லை உண்டு. இம்மீடிறனிலுள்ள அலைகளை நீர் ஈர்த்துக்கொள்ளும். மனித உடலோ பெரும்பாலும் நீர். தொலைபேசி காற்சட்டையின் பின்பையிலும் கருவி எதிர்ப்பக்கக் காதிலும் இருப்பின், இடையில் நிற்கும் உடலே தடையாகின்றது. அறைக்குள் சுவர்களிற் பட்டுத் தெறிக்கும் அலைகள் எப்படியோ காதை வந்தடைந்துவிடும். மைதானத்தின் நடுவே தெறிக்கச் சுவரில்லாமையால் ஒலி அறுந்தறுந்து கேட்கும். திறந்தவெளியில் நன்றாகக் கேட்கவேண்டும் என்பதே நம் பொதுப்புத்தி. அனுபவம் அதற்கு மாறாக இருக்கும்போது பயனாளர் தன்னையே நொந்துகொள்கின்றார். இணையவழி விரிவுரையில் மற்றொரு விந்தை நிகழும். விரிவுரை இனிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வினாவெழுப்ப ஒலிவாங்கியைத் திறந்த கணத்தில் விரிவுரையாளரின் குரல் பழைய தொலைபேசியிற் கேட்பதுபோல மங்கிவிடும். இசை கேட்பதற்கு ஒரு பணிவகை, பேசுவதற்கு வேறொரு பணிவகை என்பதும், பேச்சுக்கு மாறியதும் ஒலித்தரம் வீழும் என்பதும் எப்பெட்டியிலும் எழுதப்படுவதில்லை. பழுதென எண்ணிக் கருவியை மாற்றியோர் பலர்.

எம் விடுதியில் பார்வைப்புலன் இழந்த நண்பர் ஒருவர் உள்ளார். திரையிலுள்ளதைத் தொலைபேசி வாசித்துக் காட்ட, அதனைக் காதிற் கேட்டே அவர் கற்கின்றார். கம்பியில்லாக் கருவி அவருக்குப் பெரும் விடுதலையாக இருந்திருக்க வேண்டும். ஆயின் அவர் கம்பியுள்ள இயர்போனையே நாடுகின்றார். காரணம் கேட்டபோது, இணைப்பு அறும் கணத்தில் தான் இருளுக்குள் விடப்படுவதாகச் சொன்னார். நமக்குப் பாட்டு ஒரு வினாடி நின்று தொடரும். அவருக்கோ தொலைபேசி முழுவதும் மறைந்துபோகும். மீண்டும் இணைக்க வேண்டுமெனின் திரையை வாசிக்கவேண்டும். வாசிக்கும் குரலோ அறுந்த இணைப்பின் மறுபுறம் இருக்கின்றது. அன்றியும், அருகிலுள்ள ஒலிபெருக்கியோடு தொலைபேசி தானாகவே இணைந்து, அவருக்கு வந்த தனிப்பட்ட செய்தியொன்று அறையிலுள்ளோர் அனைவர்க்கும் வாசிக்கப்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2016ஆம் ஆண்டையொட்டிப் பல கைத்தொலைபேசிகளிலிருந்து இயர்போன் துளை நீக்கப்பட்டபோது, அது முன்னேற்றமெனப் புகழப்பட்டது. அவரைப் போன்றோருக்கு அது எப்படிப்பட்ட முன்னேற்றம் என எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

நம் பேச்சு வழக்கும் இக்குழப்பத்துக்குத் துணைபோவதை இங்கே சுட்டவேண்டும். காதிற் செருகும் கருவியையே புளூடூத் என அழைக்கின்றோம். இணையச் சேவையையும், ரவுட்டரையும், அதிலிருந்து வரும் அலையையும் வேறுபடுத்தாது வைபை என்கிறோம். இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். கவிதையில் அது அழகு செய்யும். பழுது பார்க்கும்போது வழிமறிக்கும். 2022இல் நீண்ட மின்வெட்டுகள் நிலவிய நாட்களில், மின்சாரம் மீண்டபின்னும் ‘வைபை இல்லை’ என்ற முறைப்பாடு எங்கும் ஒலித்தது. திரையின் மூலையில் அலைக்குறி முழுமையாகவே இருக்கும். ரவுட்டருக்கும் தொலைபேசிக்கும் இடையிலான தொடர்பில் குறையே இராது. குறை, வீட்டுக்கு வெளியே, கோபுரத்திலோ வீதியிற் செல்லும் வடத்திலோ இருக்கும். ஒரு பெயர் பல பொருள்களை விழுங்கிக்கொண்டமையால், பழுது எங்கேயென்று கேட்பதற்குரிய சொல்லே நம்மிடம் இல்லாது போயிற்று.

எதிர்வாதத்தையும் செவிமடுத்தல் முறை. ஒரே பெயரை வைத்துக்கொண்டதால் விளைந்த நன்மைகள் சிலவல்ல. பல ஆண்டுகள் பழமையான புளூடூத் ஒலிபெருக்கி, இன்று வாங்கிய தொலைபேசியோடு பெரும்பாலும் இணைந்துவிடுகின்றது. இது சாதாரண சாதனையன்று. மேலும், பெயர் பலவானால் நிலை இன்னும் கேடாகும் என்பதற்குச் சான்று உண்டு. கைத்தொலைபேசியின் திரையைத் தொலைக்காட்சியிற் காட்டுவதற்கான மிராகாஸ்ட் என்ற நியமம் 2012இல் வந்தது. ஒவ்வோர் உற்பத்தியாளரும் அதற்குத் தமக்கு விருப்பமான வெவ்வேறு பெயர்களைச் சூட்டினர். பொருந்தக்கூடிய இரு கருவிகள், பெயர் வேறாக இருந்தமையால் பொருந்தாவென எண்ணப்பட்டன. நிகண்டு கற்றோருக்கு இந்நிலை புதிதன்று. ஒரு பொருளுக்குப் பல பெயர் தருவனவும், சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி போல ஒரு சொல்லுக்குப் பல பொருள் தருவனவும் நம் முன்னோரிடம் இருந்தன. மிராகாஸ்ட் முன்னதன் நோயால் வருந்திற்று. புளூடூத் பின்னதன் நோயால் வருந்துகின்றது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் ஒரு சொல் பல பொருள் தருமிடத்து, முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் உரிய பொருளைக் காட்டிக்கொடுக்கும். கடையில் அடுக்கப்பட்ட பெட்டியின்மீது அந்த இலச்சினைக்கு முன்னும் பின்னும் எதுவுமில்லை. இடமும் ஏவலும் அற்ற சொல்லாக அது தனித்து நிற்கின்றது. அதற்கு உரை எழுதவல்லவர் உற்பத்தியாளர் ஒருவரே. அவரோ உரையெழுதுவதில் ஆர்வங்காட்டுவதில்லை. ஆகவே பெயரை மாற்றுக என்பது என் கோரிக்கையன்று. பெயரோடு வினையையும் எழுதுக என்பதே கோரிக்கை. ‘தொலைபேசிப் பேச்சைக் கேட்பிக்கும்’, ‘ஒலியளவை மட்டும் மாற்றும்’, ‘இன்ன வகைத் தொலைபேசியில் மாத்திரம் இயங்கும்’ என மூன்று வரிகள் போதும். மருந்துக் குப்பியில் அளவும் வேளையும் எழுதப்படுவதை நாம் வியப்பதில்லை. செவிப்புலன் கருவி மருந்தினின்றும் வெகுதூரத்தில் உள்ளதன்று.

இத்துறையில் நம்பிக்கைக்கு இடமுண்டு. குறைந்த மின்சக்தி முறையிலேயே ஒலியைக் கடத்துவதற்கான பொது நியமம் 2020இல் அறிவிக்கப்பட்டது. ஒரு மண்டபத்திலுள்ள எல்லாச் செவிப்புலன் கருவிகளுக்கும் ஒரே வேளையில் ஒலிபரப்பும் வசதியும் அதில் அடங்கும். 2022இல் அதற்கு ஆராகாஸ்ட் எனப் பெயரிடப்பட்டது. செவிமங்கிய மாணவரோ விரிவுரையாளரோ நம் பெரிய விரிவுரை மண்டபங்களில் எவ்விடத்தமர்ந்தும் தெளிவாகக் கேட்பதற்கு இது வழிவகுக்கக்கூடும். ஆயின் இங்கும் பழைய பொறி காத்திருக்கின்றது. இவ்வொலி முறைக்கு 5.2ஆம் பதிப்பேனும் வேண்டும். அப்பதிப்பு இருப்பதனால் மட்டும் அம்முறை இருந்தே தீரும் என்ற உறுதியில்லை. புதிய பெயரும் பழைய மௌனத்தோடு சந்தைக்கு வருமாயின், என் தந்தையாரின் வினாவை வேறு பல தந்தையர் கேட்க நேரிடும்.

மொழியைக் கற்கும் நமக்கும் இதிற் பணியுண்டு. மீடிறன் போன்ற கலைச்சொற்களை ஆக்கித் தந்தவர்கள் பாடநூலை மனத்திற் கொண்டு உழைத்தனர். இன்று கடைப்பெட்டியும், கருவியோடு வரும் சிறு கையேடும், செயலியின் திரையுமே பெரும்பாலான மக்கள் வாசிக்கும் அறிவியல் நூல்களாகிவிட்டன. அவற்றின் தமிழ், உள்ளபோதும், இயந்திரம் பெயர்த்த தமிழாகவே பெரிதும் காணப்படுகின்றது. கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஆலைத்தொழிலாளி ஒருவர் வாசித்து விளங்கக்கூடிய தமிழில் எழுதுதல் இலக்கியத்தினின்றும் தாழ்ந்த பணியன்று. சொல் யாவும் பொருளைக் குறித்தே நிற்கவேண்டும் என்ற கொள்கையோடு இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. அம்மரபிற் பயின்றோர், பொருளைக் கைவிட்ட பெயர்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்து, ஒருவர்க்கொருவர் பேசுதற்குரிய வழியையே அடைத்துநிற்கும்போது, அது வேறொரு பீடத்தாரின் விடயம் என ஒதுங்கியிருத்தல் தகாது.